ஒலிக்கசிவு (இசைப்பதிவு)

ஒலிக்கசிவு என்பது, இசையைப் பல தடங்களாகப் பிரித்துப் பதிவு செய்யும்போது ஒரு தடத்திற்கு உரிய ஒலி மற்றொரு தடத்தினுள் புகுந்து பதிவாகிவிடுவதைக் குறிக்கும். வீட்டில் கணினியைக் கொண்டு பதிவு செய்வோர் இதனை அடிக்கடி எதிர்கொள்கின்றனர். எடுத்துக்காட்டாக, முதலில் பதிவு செய்த கிதார் இசையைக் கேட்டுக்கொண்டே ஒருவர் பாடுகிறார் எனக் கொள்வோம். பின்னர் அவர் குரல் தடத்தை மட்டும் தனியே ஒலிக்கச் செய்தால், அதிலும் கிதார் கேட்கும். அதன் பின் கிதாரின் அளவைக் குறைக்கவோ, அதை வேறு விதமாக மீண்டும் வாசித்துச் சேர்க்கவோ, குரலின் சுருதியை மட்டும் திருத்தவோ இயலாது. தடங்கள் ஒன்றையொன்று சாராது இருப்பதே பல்தடப் பதிவின் பயன். ஒலிக்கசிவு அதனை இல்லாமற் செய்துவிடுகிறது.

பின்னணி

ஒன்றன்மேல் ஒன்றாக இசையைப் பதியும் முறை காந்த நாடாவுக்கு முற்பட்டது. 1941 ஆம் ஆண்டில் சிட்னி பெக்கே என்னும் ஜாஸ் கலைஞர் ஆறு இசைக்கருவிகளைத் தாம் ஒருவரே வாசித்து, இசைத்தட்டிலிருந்து இசைத்தட்டிற்கு மாற்றிப் பதிந்தார். அம்முறையில் பழைய ஒலியும் புதிய ஒலியும் நிலையாகக் கலந்துவிடும். இடையில் ஒரு பிழை நேர்ந்தால் அதனை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை. அமெரிக்கக் கிதார் கலைஞர் லெஸ் பால் 1940களின் இறுதியில் முதலில் தட்டுகளிலும் பின்னர் நாடாவிலும் இவ்வாறே பணியாற்றினார். 1957 இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் அவருக்கு வழங்கிய எட்டுத் தடப் பதிவுக் கருவியில், பழைய தடங்களைக் கேட்டுக்கொண்டே புதியதைத் தனித் தடத்தில் பதிய முடிந்தது. இன்று ஆடாசிட்டி போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இவ்வசதியை இலவசமாகவே தருகின்றன. ஆடாசிட்டி 1999 இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டு 2000 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

கசியும் வழிகள்

பழைய ஒலி புதிய தடத்தை மூன்று வழிகளில் அடையலாம். முதலாவது, காற்று: ஒலிபெருக்கியிலிருந்தோ ஹெட்போனிலிருந்தோ வெளிப்படும் ஒலியை, பேச்சுவழக்கில் மைக் எனப்படும் ஒலிவாங்கி கேட்டுவிடுகிறது. இரண்டாவது, கணினியின் உள்வழி: கணினி ஒலிக்கச் செய்வதையே மென்பொருள் திரும்பப் பதிகிறது, இதற்கு ஒலிவாங்கியே தேவையில்லை. மூன்றாவது, கம்பி: ஹெட்போனுக்குச் செல்லும் மின்னோட்டம் ஒலிவாங்கியின் கம்பியைப் பாதிக்கிறது.

மூன்றுக்கும் தீர்வு வெவ்வேறானது. உள்வழிக் கசிவு உள்ளவர் அறை முழுவதும் போர்வை தொங்கவிட்டாலும் பயன் இராது. எனவே எவ்வழி என்பதை முதலில் உறுதி செய்தல் வேண்டும்.

சோதித்தறிதல்

பதிவு நடக்கும்போது ஒலிவாங்கியின் வலைமூடியை விரலால் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். பழைய இசை பதிவாகி, தட்டிய ஒலி மட்டும் பதிவாகவில்லை எனில், மென்பொருள் ஒலிவாங்கியைக் கேட்கவே இல்லை. கணினியின் சொந்த வெளியீட்டையே பதிகிறது. தட்டிய ஒலி மிக மெலிதாகவும் தொலைவிலும் கேட்டால், மேசைமேல் உள்ள நல்ல ஒலிவாங்கிக்குப் பதிலாக மடிக்கணினியின் உள் ஒலிவாங்கி தேர்வாகியிருக்கக்கூடும். இது வியக்கத்தக்க அளவிற்குப் பரவலான தவறாகும்.

இரண்டும் பதிவானால் அடுத்த சோதனை தேவை. ஹெட்போனைக் கணினியிலிருந்து கழற்றாமல், தலையணைகளுக்கு இடையில் வைத்து ஒலிவாங்கியிலிருந்து விலக்கிவிட்டு, எவரும் பேசாமல் 10 வினாடி பதிவு செய்ய வேண்டும். கழற்றினால் கணினி தன் ஒலிபெருக்கிக்கு மாறிவிடும் என்பதால் சோதனை கெட்டுவிடும். இவ்வமைதிப் பதிவில் இசை மறைந்துவிட்டால் கசிவு காற்றின் வழியானது. முன்பு போலவே உரத்தும் தெளிவாகவும் கேட்டால் உள்வழியானது. மெலிதாக, எனினும் மாறாமல் தொடர்ந்தால் கம்பியை ஐயுறலாம்.

கணினிக்குள் நிகழும் கசிவு

விண்டோசு இயங்குதளத்தில் பல ஒலி அட்டைகள் ‘ஸ்டீரியோ மிக்ஸ்’ என்னும் பதிவுக் கருவியைக் காட்டும். இது உண்மையான கருவி அன்று. கணினியில் அப்போது ஒலிக்கும் அனைத்தின் கலவையாகும். இணைய வானொலியைப் பதிய விரும்பி இதனைத் தேர்ந்தெடுத்தவர், பின்னர் பாட அமரும்போது மாற்ற மறந்துவிடுகிறார். ஆடாசிட்டியில் ‘லூப்பேக்’ எனக் குறிக்கப்பட்ட உள்ளீடுகளும், லினக்சில் ‘மானிட்டர் ஆஃப்’ எனத் தொடங்கும் உள்ளீடுகளும் இதே பணியைச் செய்பவை. பதிவுக் கருவிகளின் பட்டியலில் இவற்றை விடுத்து ஒலிவாங்கியின் பெயரைத் தேர்வதே தீர்வு. ஸ்டீரியோ மிக்ஸைக் கட்டுப்பாட்டகத்தில் முடக்கிவிடுதல் மேலும் நன்று.

வெளியே இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், கலவைப் பெட்டி ஆகியவற்றிலும் இவ்வசதி உண்டு. நேரலையாக ஒளிபரப்புவோருக்கு, குரலோடு கணினியின் இசையும் சேர்ந்து செல்ல வேண்டும் என்பதற்காக அது அமைக்கப்படுகிறது. யமாகா ஏஜி03 கலவைப் பெட்டியில், கணினிக்கு எதை அனுப்புவது என்பதற்கு மூன்று நிலைகள் கொண்ட ஆளி உள்ளது. அது ‘லூப்பேக்’ நிலையில் இருந்தால் மென்பொருளில் எதை மாற்றினாலும் பழைய இசை புதிய தடத்தில் வந்துகொண்டே இருக்கும். பல மணி நேரம் மென்பொருளின் அமைப்புகளில் தேடியவர்கள் இறுதியில் காண்பது பெட்டியின் மேலுள்ள இச்சிறு ஆளியைத்தான்.

ஆடாசிட்டியின் இரு அமைப்புகள் இங்கு குழப்பம் தருவன. ஒன்று, பதியும்போது பழைய தடங்களை ஒலிக்கச் செய்யும் ‘ஓவர்டப்’. இதனை நிறுத்தினால் கசிவு நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் பாடுபவருக்குப் பின்னணி இசையும் கேட்காது. தொடர்பற்ற புதிய பதிவுகளுக்கே இது ஏற்றது. மற்றொன்று, பழைய பதிப்புகளில் ‘சாஃப்ட்வேர் ப்ளேத்ரூ’ எனப்பட்ட அமைப்பு. இது ஒலிவாங்கியில் விழுவதை உடனே வெளியீட்டிற்கு அனுப்பும். உள்ளீடாக ஸ்டீரியோ மிக்ஸ் இருக்கும் நிலையில் இதையும் இயக்கினால், ஒலி மீண்டும் மீண்டும் சுற்றி எதிரொலித் தொடராகப் பதிவாகும். விண்டோசில் ஒலிவாங்கியின் பண்புகளில் உள்ள ‘லிசன் டு திஸ் டிவைஸ்’ என்பதும் அத்தகையதே.

காற்றின் வழிக் கசிவு

ஒலிபெருக்கியை நிறுத்தி ஹெட்போனில் கேட்பதே முதற்படி. காதைச் சுற்றிலும் மூடும், பின்புறம் அடைபட்ட ஹெட்போன் வேண்டும். பின்புறம் திறந்த வகை, இசை கேட்க இனிமையானதாயினும் இதற்கு ஏற்றதன்று. ஒரு காதை விலக்கிவிட்டுப் பாடும் பழக்கம் உள்ளவர்கள், விலக்கிய பக்கத்திற்குச் செல்லும் ஒலியை நிறுத்திவிட வேண்டும். தாளத்திற்காகக் கேட்கும் ‘கிளிக்’ ஒலிதான் பெரும்பாலும் கசிகிறது. கூர்மையான அவ்வொலி மெல்லிய இடங்களில் தெளிவாகத் தெரியும். அதன் அளவைக் குறைப்பதோடு, பாடல் முடியும் இடத்தில், கடைசிச் சுரம் தேய்ந்து மறைவதற்கு முன்பே நின்றுவிடுமாறு அமைத்தல் நலம்.

தொலைவும் உதவும். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலான தொலைவைப் பாதியாக்கினால் நேரடிக் குரலின் அளவு ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். அதற்கேற்பப் பதிவின் உணர்திறனைக் குறைக்கலாம். அப்போது அறையின் மற்ற ஒலிகள் அதே அளவு தாழும். ஒலிவாங்கியின் திசையும் முக்கியமானது. கார்டியாயிடு வகை தனக்கு நேர் பின்னால், அதாவது 180 பாகையில், மிகக் குறைவாகக் கேட்கும். சூப்பர்கார்டியாயிடு வகைக்கு அவ்விடம் சுமார் 126 பாகை; ஐப்பர்கார்டியாயிடு வகைக்குச் சுமார் 110 பாகை. எனவே ஒலிபெருக்கியை எங்கு வைப்பது என்பது ஒலிவாங்கியின் வகையைப் பொறுத்தது.

கருநாடக இசை பாடுவோர் மின்னணுச் சுருதிப்பெட்டியை அருகில் வைத்துக்கொண்டு பதிவதுண்டு. முழுக் கச்சேரியாக ஒரே முறையில் பதிவதாயின் இதில் தவறில்லை. ஆனால் வயலினையும் மிருதங்கத்தையும் தனித்தனியே சேர்க்க எண்ணினால், சுருதியையும் ஒரு தனித் தடமாகப் பதிந்து ஹெட்போனில் கேட்பதே சரி. அவ்வாறின்றி ஒவ்வொரு தடத்திலும் சுருதி கலந்திருந்தால், தடங்களை வெட்டி ஒட்டும் இடங்களிலெல்லாம் அது துண்டுபட்டுக் கேட்கும்.

கம்பியின் வழிக் கசிவு

கைப்பேசிகளுடன் வரும் ஒலிவாங்கி இணைந்த ஹெட்போன்களில், 3.5 மிமீ செருகியில் நான்கு தொடுபகுதிகள் உள்ளன. இரு காதுகளுக்கும் ஒலிவாங்கிக்கும் புவி இணைப்பு பொதுவானது. அப்பொதுவான பாதையின் மின்தடை 0.1 ஓம் எனவும், 32 ஓம் ஹெட்போனின் ஒரு காதிற்கு 0.1 வோல்ட் செல்கிறது எனவும் கொள்வோம். அப்போது பாயும் சுமார் 3 மில்லியாம்பியர் மின்னோட்டம், பொதுப் பாதையில் சுமார் 0.3 மில்லிவோல்ட்டைத் தோற்றுவிக்கும். ஒலிவாங்கி தரும் குறிப்பலையே சில மில்லிவோல்ட்தான் என்பதால் இது புறக்கணிக்கத்தக்கதன்று. கேட்கும் அளவைக் குறைத்தால் இதுவும் குறையும். யுஎஸ்பி ஒலிவாங்கி போன்று, ஹெட்போனுடன் கம்பியைப் பகிராத கருவிக்கு மாறினால் முற்றிலும் நீங்கும்.

பதிவான பின் நீக்குதல்

பதிவாகிவிட்ட கசிவை முழுமையாக நீக்கப் பொதுவான வழி இல்லை. குறிப்பிட்ட அளவிற்குக் கீழுள்ள ஒலியை அடைக்கும் ‘நாய்ஸ் கேட்’, பாடகர் வாய்மூடியிருக்கும் இடங்களில் மட்டுமே பயன் தரும். குரல் வந்தவுடன் கதவு திறந்து கசிவும் உடன் நுழையும். இரைச்சல் குறைப்பான்கள் மின்விசிறியின் சீரான ஒலிக்கு உரியவை. மாறிக்கொண்டே இருக்கும் இசையை அவற்றால் பிரிக்க இயலாது, குரலும் நீருக்கடியில் கேட்பது போலாகிவிடும்.

ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டே பாடியாக வேண்டும் எனில், முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்யும் கழித்தல் முறை உண்டு. பாடி முடித்தவுடன் எதையும் அசைக்காமல், பாடகர் அதே இடத்தில் அமைதியாக நிற்க, பின்னணி இசையை மட்டும் மீண்டும் ஒரு முறை பதிய வேண்டும். ஆடாசிட்டியின் ‘இன்வர்ட்’ விளைவால் அதனைத் தலைகீழாக்கி முதற்பதிவுடன் கூட்டினால் கசிவு பெருமளவு அழியும். ஒலிவாங்கி 1 செமீ நகர்ந்தால் கூட, 100 ஹெர்ட்சில் கழித்தல் ஏறத்தாழ அப்படியே நடக்கும். ஆனால் அலைநீளம் சுமார் 3.4 செமீ மட்டுமேயான 10,000 ஹெர்ட்சில், கசிவு குறைவதற்குப் பதிலாகக் கூடவும் கூடும். எனவே அடித்தள ஒலிகளுக்கு இம்முறை நன்கு பொருந்தும். சிம்பல் போன்றவற்றிற்குப் பொருந்தாது.

டீசர் நிறுவனம் 2019 இல் வெளியிட்ட ஸ்ப்லீட்டர், பேஸ்புக் ஆய்வாளர்கள் உருவாக்கிய டெமக்ஸ் போன்ற இயந்திரக் கற்றல் மென்பொருள்கள் குரலையும் இசையையும் பிரிக்கின்றன. இவை முந்தைய முறைகளைவிட வெகுவாக மேம்பட்டவை. எனினும் குரலின் மீது இசை மற்றொரு குரலாகக் கசிந்திருந்தால், எடுத்துக்காட்டாகப் பாடகர் தமது முதற்குரலைக் கேட்டுக்கொண்டே இரண்டாம் குரலைப் பாடியிருந்தால், இவற்றால் அதிகம் உதவ முடிவதில்லை. அந்நிலையில் மீண்டும் பாடுவதே குறைந்த நேரத்தில் முடியும்.

வேண்டிப் பெறும் கசிவு

லாஸ் ஏஞ்சல்சில் இருந்த கோல்டு ஸ்டார் ஒலிப்பதிவுக் கூடத்தில் 1960களில் பில் ஸ்பெக்டர், சிறிய அறையில் பல கலைஞர்களை ஒருங்கே அமர்த்தி, ஒலிவாங்கிகளுக்கிடையே நேர்ந்த கசிவைத் தம் பாணியின் பகுதியாகவே ஆக்கிக்கொண்டார். வீட்டுப் பதிவிலும் கசிவைப் பயன்படுத்தும் இடம் ஒன்று உண்டு. புதிய தடம் பழையதைவிடச் சற்றுப் பிந்திப் பதிவாகும் கணினியின் தாமதத்தை அளக்க, ஹெட்போனை ஒலிவாங்கியின் மீதே வைத்துக் கிளிக் தடத்தை வேண்டுமென்றே கசியச் செய்து பதிவர். ஆடாசிட்டியில் இத்தாமதத்தை ஈடுசெய்யும் மதிப்பு முன்னிருப்பாக -130 மில்லிவினாடி ஆகும். இரு கிளிக்குகளுக்கும் இடையே எஞ்சும் இடைவெளியைத் திரையில் அளந்து அம்மதிப்பைத் திருத்திக்கொள்ளலாம்.