சிங்தாவின் சம்மட்டி: தலைவரின் குறியீட்டுச் செயலும் தொழிலாளரின் ஏற்பும்

நிறுவனத்தில் மாற்றம் வரப்போகிறது என்று தலைவர் அறிவித்தால், தொழிலாளர் முதலில் பார்ப்பது அவர் கையை. அந்தக் கை எதை இழக்கத் துணிகிறது என்பதைப் பொறுத்தே மாற்றத்தை ஏற்பதும் ஏற்காததும் அமைகிறது என்பது என் வாதம். சீனாவின் ஹையர் நிறுவனம் இதற்கு வலுவான சான்று.

1984இல் ஜாங் ரூய்மின் அதன் மேலாளராகப் பொறுப்பேற்றபோது அது சிங்தாவ் நகரில் கடனில் மூழ்கிக் கிடந்த ஒரு குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலை. பணிமனைக்குள் சிறுநீர் கழிக்கக் கூடாது என்பதையே விதியாக எழுதி ஒட்ட வேண்டியிருந்தது. மறு ஆண்டு ஒரு வாடிக்கையாளரின் புகாரையடுத்துக் கிடங்கிலிருந்த சுமார் 400 பெட்டிகளைச் சோதித்தார்கள். 76 பெட்டிகளில் குறை இருந்தது. ஒரு பெட்டியின் விலை ஒரு தொழிலாளியின் ஏறக்குறைய இரண்டாண்டுக் கூலி. அவற்றை ஊழியர்களுக்கே மலிவாகக் கொடுத்துவிடலாம் என்றார்கள் சிலர். பொருளுக்குத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் அது நியாயமான யோசனைதான். ஜாங் மறுத்தார். செய்தவர்களே உடைக்க வேண்டும் என்று சொல்லி, சம்மட்டியால் முதல் அடியைத் தாமே அடித்தார். உடைத்தவர்களில் பலர் அழுதார்கள். அந்த மாதச் சம்பளத்தையும் அவர் தமக்குத் தாமே பிடித்தம் செய்துகொண்டார். அந்தச் சம்மட்டி பின்னர் சீனத் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனது.

மேலாண்மையின் குறியீட்டுச் செயல்கள் பெரும்பாலும் மனப்பான்மைகளையே பாதிக்கின்றன, வளப் பங்கீடு போன்ற பருப்பொருள் விளைவுகளை வேறு விசைகள் தீர்மானிக்கின்றன என்று மேலாண்மை ஆய்வாளர் ஜெஃப்ரி ஃபெஃபர் 1981இல் வாதிட்டார். பல நிறுவனங்களுக்கு இது பொருந்தும். சிங்தாவில் இந்தப் பிரிவினை நிற்கவில்லை. 76 பெட்டிகளின் விலை உண்மையிலேயே போயிற்று, மேலாளரின் சம்பளமும் போயிற்று. அதுவரை குறையுள்ள பொருளுக்கும் ‘இரண்டாம் தரம்’ என்ற பெயரில் சந்தையில் இடமிருந்தது. உடைந்தது அந்த இடம். வேலை பறிபோகும் என்ற அச்சமே தொழிலாளரைப் பணியவைத்தது என்று சொல்லலாம். அச்சத்துக்கு அதில் பங்கில்லை என நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அச்சத்தால் மட்டும் பணிந்தவர்கள், கண்காணிப்பு தளர்ந்ததும் பழைய வழிக்குத் திரும்பியிருப்பார்கள். அப்படி நடக்கவில்லை: 1988இல் இதே தொழிற்சாலை தேசியத் தர விருதில் தங்கப் பதக்கம் பெற்றது.

இதே நிறுவனத்தின் இன்னொரு குறியீடு கடல் தாண்டியபோது எடுபடவில்லை. ஹையரின் சீனப் பணிமனைகளில் தரையில் இரண்டு காலடிச் சுவடுகள் வரையப்பட்டிருந்தன. அன்றைக்கு வேலையில் பிசகியவர் அவற்றின்மேல் நின்று, எல்லோர் முன்னிலையிலும் தம் தவற்றைச் சொல்ல வேண்டியிருந்தது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள கேம்டன் ஆலைத் தொழிலாளர்கள் அப்படி நிற்க ஒப்பவில்லை. பண்பாட்டு வேறுபாடு என்று இதற்கு விளக்கம் தருவது வழக்கம். அது பாதி விளக்கமே. சம்மட்டியைத் தூக்கியவர் தாமும் இழந்தார். காலடிச் சுவட்டின்மேல் தொழிலாளி மட்டுமே நின்றார். கேம்டனில் பின்னர் முறையை மாற்றினார்கள்: நன்றாக வேலை செய்தவரை அந்தச் சுவட்டில் நிறுத்தி, எப்படிச் செய்தார் என்று சொல்லச் சொன்னார்கள். தொழிலாளர்கள் வந்து நின்றார்கள்.