சுரங்கமும் யவனரும்

நெய்வேலியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கூடவே ஒரு சொல்விளக்கமும் வந்துவிடுகிறது: தோண்டத் தோண்ட நீர் சுரப்பதால் அது சுரங்கமாம். கேட்பவரும் தலையாட்டிவிடுகிறார். 1930களில் அங்கே கிணறு வெட்டப் போய்த்தான் பழுப்பு நிலக்கரி தலைகாட்டியது. கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இராப்பகலாக இறைத்தால்தான் இன்றும் கரி வெட்ட முடியும். ஆனால் தொழிலிடத்தின் தொல்லை எதுவோ அதுவே சொல்லுக்கு வேர் என்பது ஆராய்ச்சி ஆகாது.

காசர்கோட்டைச் சான்று காட்டுவோர் உண்டு. செம்புரைக்கல் குன்றில் ஆள் நுழையும் அளவுக்குக் கிடையாகக் குடைந்து, கசியும் நீரைத் தோட்டத்துக்குக் கொண்டுவரும் வழியை அங்கே சுரங்கம் என்கிறார்கள். அங்கும் பெயர் பெற்றது குடைவுதான். நீர் வற்றினாலும் அது சுரங்கமே.

இரண்டாவது கட்சி, சுருங்கிய வழி ஆதலால் சுருங்கை, அதன் திரிபு சுரங்கம் என்கிறது. சுருங்கை பழஞ்சொல் என்பதில் ஐயமில்லை. அது குறுகலான வழியா என்பதற்குச் சிலம்பிலேயே விடை இருக்கிறது. ஊர்காண் காதையில் கோவலன் நடக்கும் சுருங்கை, யானைகள் கூட்டமாகப் போய்வரும் வழி. யானை நிரையே போகிற வழியைக் குறுகல் என்று யார் சொல்வார்? பரிபாடல் 20இல் மதிற் சுருங்கை வழியே வையைப் புனல் பாய்கிறது. களிறு துதிக்கை தூக்கி வீசும் நீர் அதற்கு உவமை. மணிமேகலையின் கச்சி மாநகர் புக்க காதையில் மகளிர் கூந்தல் கழுவிய மணநீர் சுருங்கைத் தூம்பு வழியே வடிகிறது. மூன்றிடத்திலும் பொதுவாக நிற்பது உள்ளே புழையுள்ள வழி என்ற கருத்து. அகலமும் குறுக்கமும் இடத்துக்கு இடம் மாறும்.

புழை என்றால் சுரை இருக்கிறதே, வேலின் சுரையும் சுரைக்காயும் உட்டுளை உடையவைதாமே என்பார் தனித்தமிழ் அன்பர். பொருள் பொருந்துகிறது. சுரையிலிருந்து சுருங்கைக்கு வர நடுவில் ஒரு வடிவம் வேண்டுமே, அதைக் காட்டட்டும்.

மாலா மாலை ஆனதும் சபா சபை ஆனதும் போல, வடமொழிச் சுருங்கா தமிழில் சுருங்கை ஆகியிருக்கலாம். அர்த்தசாஸ்திரம் ஆளும் அந்தச் சுருங்காவுக்கும் வடமொழியில் வேர் காட்டுவது எளிதன்று. கிரேக்கச் சொல் ‘சிரிங்க்ஸ்’ முதலில் குழலைக் குறித்தது. பிறகு, முற்றுகையில் மதிலடியே குடையும் வழியையும் குறித்தது. 1925இல் ஓட்டோ ஸ்டெயின் இந்த இரு சொற்களையும் தனிக் கட்டுரையில் இணைத்துக் காட்டினார். மருத்துவமனைச் சிரிஞ்சும் அந்தக் கிரேக்கக் குழலின் வழிவந்ததுதான்.

கனிமம் தோண்டும் இடம் என்பது சுரங்கத்துக்குப் பின்னால் ஏறிய பொருள். அர்த்தசாஸ்திரத்தில் கனிமத் துறைத் தலைவன் ஆகராத்தியட்சன்; சுருங்காவோ கோட்டையின் கள்ளவழி. இந்தியில் இன்றும் ‘சுரங்’ குகைவழிதான், நிலக்கரிக்கு ‘கான்’ வேறாக இருக்கிறது. ஆங்கில ‘மைன்’ எதிர்த்திசையில் போன சொல்: கனிமத்தில் தொடங்கி, மதிலடியில் குடையும் போர்க்குழிக்குப் போயிற்று. தமிழ்ச் சொல் கோட்டையிலிருந்து கரிக்கு வந்து, குகையையும் உதறிவிட்டது. நெய்வேலியில் குகையே கிடையாது. அது வானம் பார்த்த பெரும் பள்ளம். சக்கரத்தில் வாளி கோத்த எந்திரங்கள் படிப்படியாக மேல்மண்ணைச் சீவி பெல்ட்டில் கொட்டுகின்றன. ஊரார் வாயில் அது ‘மைன்ஸ்’, எழுத்தில் ‘முதல் சுரங்கம்’, ‘இரண்டாம் சுரங்கம்’.

கிரேக்கச் சொல் மதுரைக்கு எப்படி வரும் என்று கேட்பவர் ஊர்காண் காதையை இன்னும் ஓரடி தள்ளிப் படிக்க வேண்டும். சுருங்கையைக் கடந்த கோவலன் அடுத்து வந்து சேர்வது கோட்டை வாயிலுக்கு. அங்கே வாளேந்திக் காவல் நிற்பவர் யவனர். மதிற்பொறியும் மதிற்காவலும் அறிந்த அந்த யவனரோடுதான் சொல்லும் இந்நாட்டுக்குள் வந்தது. வடமொழி வழி சுற்றி வந்ததா, நேரே இறங்கியதா என்பது மட்டுமே இனி வழக்கு.