கொழுந்துக் கூடையும் கோப்பையும்

ஒரு மனிதன் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் பக்கம் சேர்வது எவ்வாறு? இரு அணிகளின் ஆட்டத்தையும் தராசிலிட்டு நிறுத்துப் பார்த்து, சிறந்ததைத் தேர்ந்துகொள்கிறான் என்று சொல்வோர் உண்டு. உண்மையில் அவ்வாறு சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலான மக்களுக்கு அவர்களுடைய பக்கம், பந்து உருளத் தொடங்குமுன்பே தீர்மானமாகிவிடுகிறது. பிறந்த தெரு, தகப்பன் வேலை செய்த ஆலை, குடும்பம் ஓடிவந்த ஊர், ஊரார் பட்ட அவமானம் ஆகியவையே அதைத் தீர்மானிக்கின்றன.

கட்சி பிரிந்து நின்று களிப்பது நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பக்கத்து லாவணி மேடையில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று மறுகட்சியும் விடிய விடியப் பாடி வாதாடுகையில், கூடியிருந்த ஜனங்கள் புராண ஆராய்ச்சி செய்தா பக்கம் பிரிந்தார்கள்? தம்மூர்ப் பாடகன் எந்தக் கட்சியோ அதுவே அவர்கள் கட்சி. காமன் கூத்தை மலையேற்றிக் கொண்டுவந்து, இன்றளவும் தேயிலைத் தோட்டங்களில் ஆடிவரும் மக்களின் முன்னோரும் இந்த மரபில் வந்தவர்களே.

ஆகவே கழகப் பற்று என்பது சரித்திரத்தின் பொருள். அது எங்கே முளைத்தது, எங்கே முளைக்கவிடாமல் தடுக்கப்பட்டது என்று பார்ப்பது, உழைக்கும் மக்களின் வாழ்வைப் பார்ப்பதற்கு ஒரு வழியாகும். மான்செஸ்டருக்கும் கிளாஸ்கோவுக்கும் கல்கத்தாவுக்கும் கிடைத்தது போன்ற ஒரு பெருங்கழகம் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் நூறாண்டுக் காலத்திற்கு மேலாக ஏன் எழவில்லை? இந்த மலைகளின் மக்களுக்குக் கால்கள் இல்லையா, ஆர்வம் இல்லையா? மழை வெயில் பாராது செங்குத்துச் சரிவுகளில் ஏறி இறங்கும் கால்களைப் பற்றி அப்படிக் கேட்பதே நகைப்புக்கிடமானது. காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும்.

இங்கிலாந்திலிருந்து தொடங்குவோம். 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களையும் இளைஞர்களையும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குமேல் வேலை வாங்கலாகாது என்று விதித்தது. போராடிப் பெற்ற அந்த அரைநாள் ஓய்வு மெல்ல மெல்ல ஏனைய தொழில்களுக்கும் பரவியது. சனிக்கிழமைப் பிற்பகல் தொழிலாளியின் சொந்த நேரமாயிற்று. அந்த நேரத்தில்தான் கழகங்கள் பிறந்தன. 1878-இல் நியூட்டன் ஹீத் ரயில்வே பணிமனைத் தொழிலாளர் அமைத்த அணியே பின்னர் 1902-இல் மான்செஸ்டர் யுனைடெட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1886-இல் லண்டன் ஊலிச் ஆயுதச்சாலைத் தொழிலாளர் அமைத்ததே ஆர்சனல். 1895-இல் தேம்ஸ் இரும்பாலையினர் தொடங்கிய அணியின் வழிவந்தது வெஸ்ட் ஹாம். ஆலைக்குப் பக்கத்தில் தெரு, தெருவுக்குப் பக்கத்தில் மைதானம், கையில் ஓர் அரைநாள்: இவை மூன்றும் கூடிய இடத்தில் 'எங்கள் அணி' என்ற சொல் தானே எழுந்தது.

கிளாஸ்கோவின் கதையில் இன்னொரு காரணம் தெரிகிறது. அயர்லாந்தின் கொடும் பஞ்சத்திற்குத் தப்பி வந்த கத்தோலிக்க ஏழைகள் அந்நகரின் கிழக்குச் சேரிகளில் குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சோறு போடப் பணம் திரட்டவேண்டும் என்பதற்காகவே 1887-இல் செல்டிக் கழகம் அமைந்தது. பிழைக்க வந்த இடத்தில் மதிப்பின்றி நடத்தப்பட்ட மக்களுக்கு, தலை நிமிர்ந்து நிற்க ஒரு மைதானம் கிடைத்தது. பஞ்சத்தால் கடல் கடந்தவர்கள், வந்த ஊரில் அந்நியர் எனப்பட்டவர்கள் என்றெல்லாம் படிக்கும்போது நமக்கு யாருடைய நினைவு வருகிறது?

அதே ஸ்காத்லாந்திலிருந்துதான் நம் மலைகளுக்குத் துரைமார் பலர் வந்தார்கள். 1867-இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்காத்லாந்துக்காரரே. துரைமார் தேயிலையை மட்டும் கொண்டுவரவில்லை. தங்கள் விளையாட்டையும் கொண்டுவந்தார்கள். டிக்கோயாவுக்கு அருகே தரவளையில் 1868-இல் டிக்கோயா–மஸ்கெலியா கிரிக்கெட் கழகம் தொடங்கிற்று. 1876-இல் நுவரெலியாவில் ஹில் கிளப், 1889-இல் கொல்ஃப் கழகம், ரதல்லையில் புல் விரித்த மைதானம் என்று வரிசையாக எழுந்தன. சமதரை அரிதான நாடு மலைநாடு. கிடைத்த சமதரையில் ஆலை, துரை பங்களா, அதன் புல்வெளி, துரைமாரின் மைதானம் ஆகியவை போக, எஞ்சியது லயம். லயத்தின் வாசலில் ஒரு சாண் மண். அந்த மைதானங்களைச் சீராக்கியதும் புல் வெட்டியதும் தொழிலாளியின் கை. ஆட்டத்தில் மட்டும் அவனுக்கு இடமில்லை.

நிலம் இவ்வாறு. நேரம் எவ்வாறு? விடியுமுன் தப்பு முழங்கப் பிரட்டுக்களத்தில் நிற்கவேண்டும். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பெயர் எழுதிய பிறகு மலையேறவேண்டும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். ஞாயிற்றுக்கிழமை உண்டே என்றால், வாரக் கூலி வயிற்றுக்குப் போதாத குடும்பம் அன்றும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போயிற்று. பெண்ணுக்கோ கூடையை இறக்கிய பிறகுதான் அடுப்படி வேலை தொடங்கும். இதற்கும் மேலாக, ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக மனிதனுக்குச் சுதந்திரமில்லை. அவனுடைய கடன் தொகையை எழுதிய 'துண்டு' அவனை ஒரு துரையிடமிருந்து மறுதுரைக்குக் கைமாற்றியது. 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை அதுதான் நடைமுறை. தன் உடலின்மீதே முழு உரிமை இல்லாதவன் எந்தக் கழகத்தில் உறுப்பினனாவது?

இங்கே ஒரு கோப்பையின் கதையைச் சொல்லவேண்டும். கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் லிப்டன் மளிகைக் கடைகளால் செல்வரானார். 1890-இல் இலங்கைக்கு வந்து, ஊவாவில் ஹப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். தேயிலை அவரை உலகப் பிரசித்தராக்கிற்று. விளையாட்டுப் பிரியரான அவர், இத்தாலியின் டூரின் நகரில் 1909-இல் நடந்த சர்வதேச உதைபந்தாட்டப் போட்டிக்கு ஒரு கோப்பை அளித்தார். முதல் உலகக் கோப்பைக்கு 21 ஆண்டுகள் முற்பட்ட போட்டி அது. இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் அணி அனுப்ப மறுத்துவிட்டது. போனவர்கள் டர்ஹாம் வட்டாரத்து வெஸ்ட் ஆக்லண்ட் என்னும் சிற்றூர் அணியினர். அவர்களிற் பெரும்பாலோர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர். கரி படிந்த அந்தக் கைகளே 1909-இல் கோப்பையைத் தூக்கின. 1911-இல் மீண்டும் சென்று, இறுதியாட்டத்தில் யுவென்டஸ் அணியை 6–1 என்று வென்று கோப்பையை நிரந்தரமாகப் பெற்றார்கள். ஆனால் பயணம் கடனில் முடிந்தது. வென்ற கோப்பையை உள்ளூர் விடுதிக்கார அம்மையிடம் ஈடு வைக்க நேர்ந்தது. 1960-இல்தான் அது ஊருக்குத் திரும்பிற்று. 1994-இல் அது களவு போனது வேறு கதை.

ஈடு வைத்தாலும் அது அவர்களுடைய கோப்பை. ஊரே தனதென்று உரிமை கொண்டாடிய கோப்பை. அதை அளித்தவரின் தோட்டத்தில் மழையில் நனைந்து கொழுந்தெடுத்தவளுக்கு அந்தக் கோப்பையில் பங்கில்லையா? டர்ஹாம் சுரங்கத் தொழிலாளியும் தம்பேதன்னைத் தோட்டத் தொழிலாளியும் ஒரே சாம்ராஜ்யத்தின் உழைப்பாளிகள். ஒருவனுக்குச் சங்கம் இருந்தது, ஓய்வு இருந்தது, ஊர் இருந்தது. ஆகையால் அணி இருந்தது. மற்றவளுக்குக் கூடை இருந்தது.

அந்த 1911-ஆம் ஆண்டை இன்னும் சற்று உற்று நோக்குவோம். அவ்வாண்டு ஜூலை 29-ஆம் தேதி கல்கத்தாவில், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் அணியை 2–1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. அதுவரை உதைபந்தாட்டத்தையே பாராதவர்கள்கூட அன்று மோகன் பகானின் பக்கத்தவரானார்கள். வங்கப் பிரிவினையால் வெந்திருந்த மனங்களுக்கு அது வெறும் ஆட்டமாகத் தோன்றவில்லை. 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகமோ, 1947-க்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாய் வந்தோரின் இதயமாயிற்று. ஈஸ்ட் பெங்கால் வென்ற நாளில் இலிசை மீனும், மோகன் பகான் வென்ற நாளில் இறாலும் வாங்கிச் சமைக்கும் வழக்கம் அங்கே உண்டு. இழந்த ஆற்றங்கரையின் ருசியை அகதி ஓர் அணியின் வெற்றியில் மீட்டுக்கொண்டான்.

அதே 1911-இல்தான் இலங்கைக் குடிசன மதிப்பு முதன்முறையாக 'இந்தியத் தமிழர்' என்று ஒரு தனிக் கலம் வரைந்தது. சுமார் 530,000 பேர் அதில் எண்ணப்பட்டார்கள். இவ்வளவு பெரிய ஜனத்தொகை, அரசாங்கத்தின் ஏட்டில் ஒரு பக்கமாகப் பதிவாயிற்று. ஆனால் தானாக ஒரு பக்கம் நின்று குரலெழுப்ப அதற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. கொழும்பிலோ ஒவ்வொரு சமூகத்தின் மேல்தட்டும் தனக்கெனக் கழகம் கண்டுவிட்டிருந்தது. பறங்கியருக்கு 1896-இல் ஒன்று. சிங்களவருக்கும் தமிழருக்கும் 1899-இல் ஒவ்வொன்று. சோனகருக்கு 1908-இல் ஒன்று. அந்தத் 'தமிழர்' என்ற சொல்லுக்குள்ளும் தோட்டத்து லயம் அடங்கவில்லை.

அப்படியானால் மலையக மக்கள் முதன்முதலில் 'இது எங்கள் பக்கம்' என்று சேர்ந்து நின்ற களம் எது? அது தொழிற்சங்கமே என்பது நம் கருத்து. 1931-இல் கோ. நடேசய்யர் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் ஹட்டனிலிருந்து இயங்கியது. அவரும் மீனாட்சி அம்மையாரும் பாட்டாலும் பேச்சாலும் துண்டுப் பிரசுரத்தாலும் மலைகளை எழுப்பினார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி போலீசின் துப்பாக்கிக்குப் பலியானார். அதன்பின் சங்கத்தில் சேர்ந்தவர்கள் விதிமுறைகளைப் படித்துவிட்டா சேர்ந்தார்கள்? கழகத்தில் பற்று வைப்பவனைப் போலவே, தம்மவன் சிந்திய இரத்தத்தைப் பார்த்தும், பக்கத்துக் காம்பராக்காரன் சேர்ந்ததைப் பார்த்தும் சேர்ந்தார்கள். இந்தப் பற்றின் பலமும் பலவீனமும் இதிலேயே அடங்கியிருக்கின்றன. பின்னாளில் தலைவர்கள் பிரிந்தபோது, சந்தாவும் கொடியும் பிரிந்து, ஒரே லயத்தில் அண்ணன் ஒரு சங்கமும் தம்பி ஒரு சங்கமுமாக நின்றார்கள். ஆட்டத்தில் எதிரணி இருந்தால்தான் சுவை. கூலிப் போராட்டத்தில் எதிரணி தோட்ட முதலாளி ஒருவனே என்பதை மறந்தால், அது தொழிலாளி தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் கோலாக முடியும்.

கழகம் வேரூன்ற நிலமும் நேரமும் போதா. நாளையும் இங்கேயே இருப்போம் என்ற நிச்சயமும் வேண்டும். 1947 தேர்தலில் ஏழு பிரதிநிதிகளை அனுப்பிய மக்களின் பிரஜாவுரிமையை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974-இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். 1984-இல் தலைமன்னார்க் கப்பல் நிற்கும் வரை, எந்த வீட்டில் எப்போது பெட்டி கட்டுவார்கள் என்று எவருக்கும் தெரியாது. பந்தைக் கொடுப்பவன் இந்தியாவுக்கு, வாங்குபவன் இலங்கைக்கு என்று எழுதப்பட்ட இடத்தில் அணி எப்படி நிலைக்கும்?

இத்தனைக்கும் மேலாக ஒரு கேள்வியும் அவர்களைத் துரத்திற்று. இந்திய அணி இலங்கையோடு ஆடும் நாளில், 'நீ யார் பக்கம்?' என்று கடைவீதியில் கேட்பார்கள். 1990-இல் பிரித்தானிய அரசியல்வாதி நார்மன் டெபிட், குடியேறியவர்கள் எந்த நாட்டு கிரிக்கெட் அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதை அவர்களுடைய விசுவாசத்திற்கு அளவுகோலாக்கினார். நம் மலைநாட்டு மக்களுக்கு அந்தப் பரீட்சை அதற்கு முன்பே பழக்கம். 1996 மார்ச் 17-இல் இலங்கை அணி உலகக் கிண்ணத்தை வென்றது. தோட்டத் தொழிலாளியாக வந்தவரின் பேரனான முத்தையா முரளிதரனும் அந்த அணியில் இருந்தார். அன்று லயங்களிலும் மகிழ்ச்சி பொங்கியது. ஆயினும் மகிழ்ந்தவர்களில் இலட்சத்துக்கு மேற்பட்டோர் எந்த நாட்டின் பிரஜையும் அல்லர். 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே அந்த இழிநிலை நீங்கியது. நாடு அவர்களைத் தன் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுமுன்பே அவர்கள் நாட்டின் பக்கம் நின்றிருந்தார்கள். யாருடைய விசுவாசத்தை யார் சோதிப்பது?

இன்று நிலைமை மாறிவருகிறது. நாவலப்பிட்டியைச் சேர்ந்த அப்கன்ட்ரி லயன்ஸ் கழகம் 2021-இல் நாட்டின் சூப்பர் லீக்கில் ஆடிய பத்துக் கழகங்களில் ஒன்றாக இருந்தது. தோட்டந்தோறும் இளைஞர்கள் அணி கட்டுகிறார்கள். மஸ்கெலியாப் பையன் மான்செஸ்டரின் சிவப்புச் சட்டையை அணிந்து திரிவதைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியவர்களும் உண்டு. நாம் அவனைப் பழிக்கமாட்டோம். ரயில்வேத் தொழிலாளர் கட்டிய கழகம் அது. பாட்டாளியின் பேரன் அதை அணிவதில் பிழையில்லை. ஆனால் அந்தச் சட்டையின் பிறப்பு வரலாற்றை அவனுக்குச் சொல்லவேண்டியது ஆசிரியர்களின் கடமை. தொலைக்காட்சி தருவது ஒரு பெயரை மட்டுமே. அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் அரைநாள் ஓய்வுக்கான போராட்டம் இருந்தது என்பதை வகுப்பறைதான் தரவேண்டும்.

பெண்களையும் மறக்கலாகாது. 1920-இல் இங்கிலாந்தில் டிக் கெர் ஆலைத் தொழிலாளப் பெண்களின் ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த ஆண்டே பெண்களுக்கு மைதானங்கள் மறுக்கப்பட்டன. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. நம் தோட்டங்களில் அப்படி ஒரு தடைக்குத் தேவையே இருக்கவில்லை. கூடையும் அடுப்பும் அந்த வேலையைச் செய்தன.

தோட்டத்துக்கு ஒரு மைதானம், வாழக்கூடிய கூலியோடு கூடிய ஓய்வு நாள், அந்த ஓய்வில் பெண்ணுக்கும் சமபங்கு: இவை விளையாட்டுத்துறைக்கு மட்டும் விடுக்கும் கோரிக்கைகளல்ல. நிலத்தின்மீதும் நேரத்தின்மீதும் உரிமை கேட்பதன் மறுபெயர்கள் இவை. அவை கிடைக்கும் நாளில், எந்தக் கழகத்தின் பக்கம் சேர்வது என்று மலையகத்துப் பிள்ளைக்கு எவரும் கற்பிக்க வேண்டியிராது.