பப்பானில் ஒரு வானொலிப் பெட்டி



நம் தெப்ராவ் வட்டாரத்துப் பெரியவர்கள் காலத்தைக் கணக்கிட்டதே தனி வகை. "அது சப்பான்காரன் வருவதற்கு முன்னால்", "இது சப்பான்காரன் போன பிறகு" என்பார்கள். 1942 ஜனவரி 31-இல் ஜொகூர்ப் பாலம் தகர்க்கப்பட்டதும், பிப்ரவரி 8 இரவு சப்பானியப் படை நீரிணையைக் கடந்து சிங்கப்பூரில் இறங்கியதும் நமக்கு மிக அருகில் நடந்த வரலாறு. அதன் பிறகு, பால்மரம் சீவிய கைகள் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டன. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்கள் காட்டிலேயே மடிந்து கிடந்தார்கள்.

"இத்தனை அநியாயத்தையும் பார்த்துக்கொண்டு ஆண்டவன் எங்கே இருந்தான்?" இந்தக் கேள்வி எழாத லயம் அன்று இருந்திருக்காது. மாரியம்மனைக் கும்பிட்டவரும் கேட்டிருப்பார். மாதாவைக் கும்பிட்டவரும் கேட்டிருப்பார். அந்தக் கொடிய காலத்தில் தம் கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றிக்கொண்டு நின்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை இன்று பார்ப்போம். அவர் பேராக்கைச் சேர்ந்த சிபில் கார்த்திகேசு.

பெயரிலேயே ஒரு செய்தி இருக்கிறது. கார்த்திகேசு என்பது முருகனின் பெயர். சிபில் 1899-இல் சுமத்திராவின் மேடான் நகரில் பிறந்த யுரேசியப் பெண். பக்தி மிகுந்த கத்தோலிக்கர். கணவரோ இந்துக் குடும்பத்தில் பிறந்த தமிழ் மருத்துவர். மத வேற்றுமை காரணமாக முதலில் தடை எழுந்தாலும், 1919-இல் கோலாலம்பூர் புக்கிட் நனாஸ் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. 1926 முதல் இருவரும் ஈப்போவில் மருந்தகம் நடத்தினார்கள். சிபில் பயிற்சி பெற்ற தாதி. பிரசவம் பார்ப்பதில் கைதேர்ந்தவர். கண்டோனீஸ் மொழி சரளமாகப் பேசியதால் சீனக் குடும்பங்கள் அவரைத் தம்மில் ஒருவராகவே கொண்டாடின.

சப்பானியர் ஈப்போவை நெருங்கியபோது குடும்பம் பப்பான் என்னும் சிறிய ஈயச் சுரங்க ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பிரதான வீதியில் 74-ஆம் எண் கடைவீடு. பகலில் முன்வாசல் வழியே ஊர் நோயாளிகள் வந்தார்கள். இரவில் பின்பக்கமாக, காட்டில் இருந்து சப்பானியரை எதிர்த்த போராளிகள் வந்தார்கள். உடலில் பாய்ந்த குண்டுகளை எடுத்துக் கட்டுப்போட்டு அனுப்பினார் சிபில். யார், எந்தக் கட்சி என்று அவர் பார்க்கவில்லை.

மாடிப்படிக்குக் கீழே ஒரு வானொலிப் பெட்டி மறைந்திருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் ஜோசபின். வெளிநாட்டுச் செய்தி கேட்டால் தலை போகும் என்ற காலத்தில், இரவில் லண்டன் செய்தியைக் கேட்டு நம்பிக்கையானவர்களுக்குச் சொல்லிவிடுவார். இன்று கைக்குள்ளேயே உலகச் செய்தியை வைத்திருக்கிறோம். ஒரு செய்தியைக் கேட்பதற்கு உயிரை ஈடு வைக்க வேண்டியிருந்தது என்பதை நம் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

1943-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கெம்பித்தாய் எனப்பட்ட சப்பானிய இராணுவப் போலீசுக்குச் செய்தி எட்டியது. காட்டுக்குள் தப்பி வந்துவிடும்படி போராளிகள் அழைத்தார்கள். தாம் மறைந்துவிட்டால் பப்பான் ஊரே பழிவாங்கப்படும் என்று எண்ணி அவர் போகவில்லை. கணவரும் வளர்ப்பு மகனும் கூடச் சிறைப்பட்டார்கள்.

அவருக்கு நேர்ந்த கொடுமைகளை எல்லாம் இங்கே வரிசைப்படுத்தப் போவதில்லை. வீட்டில் சிறுவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. யோஷிமுரா என்னும் சார்ஜன், தாயைக் கம்பத்தில் கட்டிவைத்து, சிறு வயது மகள் டோனை மரத்தில் தொங்கவிட்டு, கீழே தீ மூட்ட வைத்தான். போராளிகளின் பெயரைச் சொன்னால் பிள்ளை பிழைக்கும் என்றான். சிபில் கடவுளை வேண்டினாரே தவிர, காட்டிக்கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் அங்கே வந்த மேலதிகாரி ஒருவர் தடுத்ததால் குழந்தை உயிர் தப்பியது.

அவர் செய்தது சரிதானா? வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால், "எங்கள் அம்மாவாக இருந்தால் சொல்லியிருப்பார்" என்று உடனே ஒரு குரல் எழும். அந்தக் குரலை நாம் அடக்குவதில்லை. பெற்ற வயிறு அப்படித்தான் சொல்லும். சிபிலுக்கும் அதே வயிறுதான். அவர் வாய் திறந்திருந்தால் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் அநாதையாகியிருப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மேலதிகாரி வருவார் என்பது மட்டும் தெரியாது. ஆண்டவன் கைவிடமாட்டார் என்றால் அடி விழாது என்று பொருள் என நம்மில் பலர் எண்ணுகிறோம். சிபில் அப்படி எண்ணியிருந்தால் முதல் அடியிலேயே அவருடைய நம்பிக்கை உடைந்திருக்கும். தாம் செய்ய வேண்டியதைச் செய்து, தம் கைக்கு எட்டாததை மட்டும் அவர் இறைவனிடம் விட்டார். அவர் காத்திருந்த நேரத்திலும் அடி நிற்கவில்லை.

எதிரியின் ஒலிபரப்பைக் கேட்டது, போராளிகளுக்கு மருத்துவம் பார்த்தது ஆகிய குற்றங்களுக்காக அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பத்து காஜா சிறையில் அடைக்கப்பட்டார். 1945-இல் சப்பான் சரணடைந்த பிறகு வெளியே வந்தபோது, முதுகெலும்பு அடிபட்டு நடக்க முடியாத நிலையில் இருந்தார். சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஜார்ஜ் பதக்கம் பெற்றார். தம் நினைவுகளையும் நூலாகத் தந்தார். அது அச்சேறியது 1954-இல்தான். யோஷிமுராவுக்கு 1946-இல் ஈப்போவில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

நீதி கிடைத்துவிட்டது என்று எழுதிவிடலாம். ஆனால் சப்பானிய பூட்சின் உதையால் தாடையில் ஏற்பட்ட பழைய காயம் புரையோடி, இரத்தத்தில் நஞ்சு கலந்து, 1948 ஜூனில் ஸ்காட்லாந்தில் அவர் உயிர் பிரிந்தது. வயது 48. மறு ஆண்டு அவருடைய உடல் கடல் வழியே கொண்டுவரப்பட்டு ஈப்போவில் அடக்கம் செய்யப்பட்டது. ஈப்போவில் ஒரு சாலைக்கு அவர் பெயர் உண்டு. சயாமில் மடிந்த நம் தோட்டத்து மக்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்கூடக் கிடையாது.

பப்பானில் அந்த 74-ஆம் எண் கடைவீடு நினைவிடமாகக் காக்கப்பட்டு வந்திருக்கிறது. பள்ளி விடுமுறையில் பேராக் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகும் குடும்பங்கள், ஈப்போவிலிருந்து பத்து காஜா போகும் வழியில் சற்றே திரும்பி, அந்த வீதியைப் பார்த்து வரலாம். ஜோசபின் ஒளிந்திருந்தது அங்கே மாடிப்படிக்கு அடியில்தான்.