1.44 எண்ட தப்பான எண்

புதுசா வாங்கின 16 ஜிபி பென்டிரைவை விண்டோஸ் கணினியில் குத்திப் பாருங்கள், 14.9 ஜிபி எண்டுதான் காட்டும். "கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்பார்கள் சிலர். "உள்ளுக்குள்ள இருக்கிற மென்பொருள் மிச்ச இடத்தைப் பிடிச்சிருக்கும்" என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே காரணமில்லை. பெட்டியில் உள்ள எண்ணும் திரையில் தெரிகிற எண்ணும் ஒரே அளவைத்தான் சொல்கின்றன. ஜிபி என்ற குறியீட்டுக்குத்தான் இரண்டு அர்த்தம்.

1795 இல், புரட்சிக்குப் பிந்திய பிரான்ஸ் மெட்ரிக் அளவைச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது 'கிலோ' என்பதற்கு ஆயிரம் என்று பொருள் வைத்தது. கிரேக்கச் சொல்லில் இருந்து எடுத்தது. கணினி வரும்வரை அதில் ஒரு சிக்கலும் இல்லை. 1956 இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஸ்ட்ரெச் என்ற கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்த வெர்னர் புக்ஹோல்ஸ் 'பைற்' என்ற சொல்லை உருவாக்கினார். 'பிற்' என்பதோடு குழம்பக்கூடாது என்றே எழுத்தை மாற்றி எழுதினார்களாம். 1964 இல் வந்த சிஸ்டம்/360 கணினி வரிசையோடு ஒரு பைற்றுக்கு எட்டு பிற் என்பது நிலைத்துவிட்டது.

நினைவகத்தில் ஓர் இடத்தைக் குறிக்க முகவரிக் கம்பிகள் வேண்டும். ஒவ்வொரு கம்பியிலும் 0 அல்லது 1. பத்துக் கம்பி இருந்தால் 1024 இடங்களைக் குறிக்கலாம். 1024 கிட்டத்தட்ட ஆயிரம்தானே, 'கே' எண்டு சொல்லிவிட்டுப் போவோம் என்று பொறியியலாளர்கள் விட்டுவிட்டார்கள். வெறும் 2.4 சதவீதம்தான் வித்தியாசம். எல்லோரும் சும்மா இருக்கவில்லை. 1968 இலேயே டொனால்ட் மொரிசன் என்பவர் 1024 ஐக் குறிக்க கிரேக்க எழுத்தான கப்பாவைப் பயன்படுத்தலாம் என்று ஒரு கணினி இதழுக்குக் கடிதம் எழுதினார். ஆரும் கேட்கவில்லை.

வன்தட்டின் கதை வேறு. 1956 இல் ஐபிஎம் விற்ற முதல் வன்தட்டில் 50 தட்டுகள் இருந்தன, கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள். சுற்றுகிற தட்டுக்கு இரண்டின் அடுக்கில் எண்ண வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அதனால் வன்தட்டு செய்தவர்கள் சாதாரண மனிசர் மாதிரி ஆயிரம், மில்லியன் எண்டே எண்ணினார்கள். பிறகு அது விளம்பரத்துக்கும் வசதியாகிவிட்டது, ஆயிரத்தால் வகுத்தால் எண் பெரிசாத் தெரியும்.

இந்தக் குழப்பத்தின் உச்சம் ஃப்ளொப்பி. எங்கட வயசுக்காரருக்கு அது 'சேவ்' பட்டனில் இருக்கிற படம் மட்டும்தான். 80 தடங்கள், 2 பக்கங்கள், தடத்துக்கு 18 துண்டுகள், துண்டுக்கு 512 பைற். பெருக்கினால் 14,74,560 பைற். ஆயிரக் கணக்கில் அது 1.47 எம்பி, 1024 கணக்கில் 1.41 எம்பி. ஆனால் பெட்டியில் அச்சடித்தது 1.44! முதலில் 1024 ஆல் வகுத்து, வந்த 1440 ஐ ஆயிரத்தால் வகுத்திருக்கிறார்கள். இரண்டு முறையிலும் சேராத ஒரு எண்ணை உலகம் முழுக்க வருசக்கணக்கா நம்பியிருக்கிறது.

கிலோவில் 2.4 சதவீதமாக இருந்த இடைவெளி மெகாவில் ஏறத்தாழ 5, ஜிகாவில் 7, டெராவில் 10 சதவீதமாக வளர்கிறது. அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006 இலும் சீகேட் 2007 இலும் சமரசத்துக்கு வந்தன. அதற்கு முன்பே, 1998 இல், சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு ஒரு தீர்வு சொல்லியிருந்தது: கிலோ ஆயிரமாகவே இருக்கட்டும், 1024 க்கு 'கிபி', அதன் வர்க்கத்துக்கு 'மெபி'. தர்க்கப்படி சரியான தீர்வு. ஆனா ஆராவது "ரெண்டு மெபிபைற் அனுப்பிவிடு" எண்டு சொல்லிக் கேட்டிருக்கிறீங்களா?

யுனிக்ஸ் கட்டளைகளில் 'மனிதர் வாசிக்கக்கூடிய' என்ற பெயரிலேயே ஒரு தெரிவு உண்டு. நீண்ட பைற் எண்ணைச் சுருக்கி கே, எம், ஜி என்று காட்டும். இணையத்தளங்களின் வார்ப்புருவுக்கும் இதே வேலை வந்து சேர்ந்தது. 2005 இல் வெளியான ஜாங்கோ என்ற கட்டமைப்பில் 'ஃபைல்சைஸ்ஃபோர்மற்' என்ற வடிகட்டி இருக்கிறது. 123456789 பைற்றைக் கொடுத்தால் 117.7 எம்பி என்று தரும். ஆயிரக் கணக்கில் அது 123.5. தாங்கள் வகுப்பது 1024 ஆல்தான், விதிப்படி எழுத வேண்டியது வேறு குறியீடு, ஆனாலும் ஆக்களுக்குப் பழகின பெயரையே வைத்திருக்கிறோம் என்று ஜாங்கோவின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். என்ன, அதை வாசிப்பது நிரல் எழுதுபவர் மட்டும்தான், கோப்பைத் தரவிறக்குபவர் இல்லை.

2009 இல் அப்பிள் தன் மேக் கணினிகளை ஆயிரக் கணக்குக்கு மாற்றியது. விண்டோஸ் 1024 இலேயே நிற்கிறது. ஒரு இணைய விண்ணப்பம் "2 எம்பிக்கு மேல் ஏற்க மாட்டோம்" என்கிறது என்று வையுங்கள். உங்கள் சான்றிதழின் ஸ்கான் 20,50,000 பைற். விண்டோஸ் 1.95 எம்பி எண்டு காட்டும், நீங்கள் நம்பி அனுப்புவீர்கள். அந்தத் தளம் ஆயிரத்தால் எண்ணினால் கோப்பு திரும்பி வரும். முடிவுத் திகதி இரவு பன்னிரண்டு மணி என்றால் கதை முடிந்தது.

அப்படியான நேரத்தில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'புறொப்பற்றீஸ்' போய்ப் பாருங்கள். 1.95 எம்பிக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், சுருக்காத முழுப் பைற் எண்ணும் இருக்கும்.