ஈரங்கொல்லியின் சாட்சியம்: கோயிலொழுகை ஆவணமாக வாசித்தல்

1323-இல் தில்லி சுல்தானகத்தின் உலூக் கானின் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது ஊரைவிட்டு வெளியேறிய உற்சவமூர்த்தி, பல ஊர்களில் தங்கி 1371-இல் திரும்பினார். இதற்கு இரு எழுத்துச் சான்றுகள் உண்டு. ஒன்று, சகம் 1293 என ஆண்டைக் குறிக்கும் இரண்டு வடமொழிச் சுலோகங்கள் கொண்ட கல்வெட்டு. விஜயநகரத் தளபதி கோபணார்யன் திருமலையிலிருந்து மூர்த்தியைச் செஞ்சிக்குக் கொண்டுவந்து, பகைவரை வென்று, திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தான் என்கிறது அது. மற்றொன்று, பல தலைமுறையினர் எழுதிச் சேர்த்த கோயில் வரலாற்று நூலான கோயிலொழுகு.

கல்வெட்டை நீதிபதியாகவும் ஒழுகைக் கூண்டில் நிற்கும் சாட்சியாகவும் நிறுத்தியே நம் ஆய்வு மரபு பழகிவிட்டது. ஒழுகை 1961-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வி. என். ஹரிராவின் ஒப்பீட்டுக் குறிப்புகள் இன்றும் இன்றியமையாதவை. ஆயினும் எது நடந்தது என்று மட்டுமே கேட்டால், எதை வைத்து அதை மெய்யென்று ஏற்றார்கள் என்ற கேள்வி விடுபட்டுப்போகிறது.

அதற்கு விடை ஒழுகில் இருக்கிறது. மூர்த்தி திரும்பியபோது கோயிலில் வேறொரு உற்சவமூர்த்தி இருந்தார். எவர் பழையவர்? அடையாளம் சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். பெருமாளின் ஆடைகளை வெளுத்துவந்த, கண்பார்வை இழந்த முதிய ஈரங்கொல்லி ஒருவரை அழைத்தார்கள். இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தை அவருக்குக் கொடுத்தார்கள். சுவைத்துப் பார்த்து, வந்தவரையே ‘நம்பெருமாள்’ என்றார் அவர். அப்பெயரே நிலைத்தது. மற்றவரையும் கோயில் ஒதுக்கிவிடவில்லை. திருவரங்கமாளிகையார் என்று இன்றும் போற்றுகிறது. ஒரு தரப்பை ஏற்றபின் மறுதரப்பையும் காத்துவைத்த இந்தப் பண்பை ஆவணக் காப்பகங்கள் கவனிக்க வேண்டும்.

இக்கதை அப்படியே நடந்தது என்று நான் வாதிடவில்லை. ஒழுகு, கோயில் பணியாளர்களான பத்துக்கொத்துப் பரிசனங்களின் உரிமைகளையும் முறைகளையும் பதிந்துவைத்த நூல். அதற்கென்று நலன்கள் உண்டு. எழுந்திருக்கக்கூடிய வழக்கை இக்கதை முடித்துவைக்கிறது. தீர்ப்புச் சொன்னவருக்குத் தொழிற்பெயரைத் தவிர வேறு பெயரும் தரவில்லை. ஆனாலும் ஓர் உழைப்பாளியின் நாவில் தங்கிய நினைவு சான்றாகச் செல்லும் என்று அக்காலக் கோயில் சமூகம் நம்பத் தயாராக இருந்தது. தளபதியின் வெற்றியைப் பாடும் கல்லில் இதற்கு இடமில்லை.

இடைப்பட்ட 48 ஆண்டுகளின் வெற்றிடத்தை ஸ்ரீ வேணுகோபாலனின் ‘திருவரங்கன் உலா’ நாவல் கற்பனையால் நிரப்பியது. அது முறையான பணிதான். எங்கே சான்று முடிந்து கற்பனை தொடங்குகிறது என்பதை வாசகருக்குக் காட்டுவது ஆய்வாளரின் கடமை.

கல்வெட்டுகளைப் பட்டியலிடும் முறையும் மாற வேண்டும். திருவரங்கத்தின் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24-ஆம் தொகுதியில் அச்சாகியுள்ளன. ஆனால் கல்வெட்டு ஆண்டறிக்கைகளின் அட்டவணையில் மரபு, மன்னன், காலம், மொழி என்றே பத்திகள் ஓடுகின்றன. பணி செய்தவர்கள் கிடைத்தால் கடைசிக் குறிப்புப் பத்தியில்தான் கிடைப்பார்கள். மின்பதிப்பு செய்வோர் ‘பணி’ என்றொரு தனிப் பத்தி சேர்த்தால், மாலை கட்டியவரையும் விளக்கேற்றியவரையும் நேரடியாகத் தேட முடியும். இன்று அப்பணிகளைச் செய்வோரின் கைப்பழக்கத்தை அவர்கள் குரலிலேயே பதிவுசெய்து, அதே பத்தியோடு இணைக்கவும் முடியும்.