உறையூர்த் துணியும் வாழும் ஊரின் உரிமையும்

மடிக்கணினி ஒன்றே அலுவலகமாகிவிட்ட காலம் இது. ஒரு நாட்டு நிறுவனத்துக்கு உழைத்துக்கொண்டே, வாடகையும் உணவும் மலிவாகக் கிடைக்கும் மத்தியதரைக்கடல் நகரமொன்றில் குடியேற நம் பிள்ளைகள் சிலர் விரும்புகின்றனர். இதைப் புதுமை என்கிறோம். ஆனால் அந்தக் கடலுக்கும் நம் திருச்சிராப்பள்ளிக்கும் உள்ள உறவு மிகப் பழையது.

கி.பி. முதல் நூற்றாண்டில் பெயரறியாத வணிகர் ஒருவர் கிரேக்க மொழியில் எழுதிய ‘எரித்திரேயக் கடல் பயணக் குறிப்பு’, ‘அர்கரு’ என்னும் ஊரின் மெல்லிய துணியைப் போற்றுகிறது. அவ்வூர் நம் உறையூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உறையூர் நெசவாளர் ஊரை விட்டு அகலவில்லை. அவர்கள் நெய்த துணியே கடல் கடந்து சென்றது. செங்கடல் வழியாகச் சென்ற கீழைநாட்டுச் சரக்குகள் எகிப்தின் அலெக்சாந்திரியாவை அடைந்து, அங்கிருந்து மத்தியதரைக்கடல் நகரங்களுக்குப் பரவின. தொலைவிலுள்ளோருக்காகத் தம் வீட்டிலிருந்தே உழைத்தவர்கள் அவர்கள்.

பின்னாளில் மனிதர்களும் எதிர்த்திசையில் வந்தனர். திருச்சியில் அடங்கியிருக்கும் நத்ஹர் வலீ அவர்கள், ‘ரூம்’ எனப்பட்ட தேசத்தில் அரச வாழ்வைத் துறந்து வந்தவர்கள் என்பது மரபுவழிச் செய்தி. எங்கிருந்தோ வந்த அப்பெரியாரின் பெயரால் இவ்வூரையே ‘நத்ஹர் நகர்’ என அழைத்தார் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா. 1795இல் சென்னையில் மறைந்த அந்த நவாபின் உடலும் இத்தர்காவிலேயே அடக்கம் பெற்றது. வந்தவர் ஊரின் விருந்தாளியாக நின்றுவிடவில்லை. ஊரே தம் பெயராக ஏற்கும் அளவுக்கு அதனோடு கலந்தார்.

2020இன் பொதுமுடக்கத்தில் ஸ்ரீரங்கத்து வீதிகளுக்கும் உறையூர், பாலக்கரை மஹல்லாக்களுக்கும் பிள்ளைகள் பலர் திரும்பினர். பெற்றோர் அருகிலிருந்தே சென்னை, பெங்களூரு நிறுவனங்களின் பணியைச் செய்தனர். ஸ்பெயினோ இத்தகைய பணியாளருக்கென 2023இல் தனி விசாவையே நடைமுறைப்படுத்தியது. ஆனால் 2024இல் அந்நாட்டின் மலாகா, வலென்சியா நகரங்களில் உள்ளூர் மக்கள் வாடகை உயர்வை எதிர்த்து வீதியில் திரண்டனர். அவ்வுயர்வுக்குக் காரணங்கள் பல. சுற்றுலா விடுதிகளாக மாறிய வீடுகள் அவற்றுள் முக்கியமானவை. எனினும் வெளியூர் ஊதியம் பெறுபவர் எளிதாகத் தரும் வாடகையை, அவ்வூரிலேயே உழைத்து உண்பவர் தர இயலாது என்பதை மறுக்க முடியாது. நமக்கு மலிவாகத் தோன்றும் ஊர், அங்கு பிறந்தவருக்கு மலிவானதன்று.

ரிஸ்க்கைத் தேடிப் பயணிப்பதை நம் மார்க்கம் தடுக்கவில்லை. அண்டை வீட்டாரின் உரிமையையும் அது தளர்த்தவில்லை. ஊதியம் எங்கிருந்து வந்தாலும், நாம் வாழும் ஊருக்கு நம்மீது உரிமை உண்டு. அவ்வூரின் மொழியைக் கற்பதும், பள்ளிவாசல் ஜமாஅத்தில் இணைவதும், அங்குள்ள ஏழைகளை ஜகாத்திலும் ஸதகாவிலும் நினைவுகூர்வதும், பக்கத்துக் கடையில் பொருள் வாங்குவதும் அவ்வுரிமையை நிறைவேற்றும் வழிகள். வெளியூர் செல்லும் பிள்ளைகளுக்கும், வெளியூர் ஊதியத்தோடு திருச்சிக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கும் இதையே நாம் சொல்லி அனுப்புவோம், இன்ஷா அல்லாஹ்.